காம்பு வரும் வரை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அத்திபெலே பக்கம் ஏற்றுமதிக்கு ரோஜா வளர்க்கும் ஒரு கம்பெனியில் பூ வெட்டிக்கொண்டிருந்தாள். பெங்களூரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, அதே கம்பெனியின் வெப்சைட்.

அதன் வாசலில் நிற்பது வெப் சர்வர். ஆர்டர், கணக்கு எல்லாம் பார்ப்பது உள்ளே இருக்கும் அப்ளிகேஷன் சர்வர். இரண்டையும் இணைப்பது என் பொறுப்பு. புதன்கிழமை இணைத்தேன். எழுத்துகள் வந்தன. ரோஜாப் படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள்.

"டெக்ஸ்ட் வருதில்ல, போதும்மா. படத்த மண்டே பாத்துக்கலாம்" என்றார் சீனியர்.

மறுநாள் வியாழன். வியாழன்தோறும் விவேக் நகர் கோயிலுக்கு அம்மா வருவாள். எழுத்தை வைத்து அவள் என்ன செய்வாள்? நான் செய்ததை அவள் பார்க்க அந்தப் படங்களை விட்டால் வேறு வழியில்லை.

இரண்டையும் இணைக்க எழுதியதை மறுபடி படித்தேன். யார் எதைக் கேட்டாலும் உள்ளே அனுப்பச் சொல்லியிருந்தேன். படங்களோ வாசலிலேயே இருந்தன. தன்னிடம் இல்லாததை உள்ளே இருப்பது எப்படிக் கொடுக்கும்? படம் கேட்டால் நீயே கொடு என்று வெப் சர்வருக்கு ஒரு வரி சேர்த்தேன். ரோஜா வந்துவிட்டது.

பூசை முடிந்ததும் அம்மாவைப் பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனேன். பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அவள் விரல்களில் பச்சை இலை வாசனை.

"இதுல நீ என்னடி பண்ண?"

"வாசல்ல ஒருத்தன், உள்ள ஒருத்தன். யாருக்கு எந்த வேலைன்னு நான்தான் பிரிச்சுக் குடுத்தேன்."

"அப்ப மேஸ்திரின்னு சொல்லு."

"இன்ஜினியர்ம்மா!"

"அதான், அதான்."

அந்தக் காலத்து டெலிபோன் லைனில் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். முதலில் இதழ்கள் வந்தன.

"ஏய், நம்ம பூவுடி!" திரைக் கண்ணாடியைத் தொட்டாள். "காம்பு எங்க? காம்பு நீளமா இருந்தாத்தான் எக்ஸ்போர்ட்டுக்கு எடுப்பான்."

"வரும்மா, இரு."

இருந்தாள். இதழுக்குக் கீழே ஒரு இலை வந்தது. அத்தோடு நின்றது.

"பஸ்ஸு போயிடும் கண்ணு. காம்ப நீ பாத்துச் சொல்லு" என்று எழுந்து போய்விட்டாள்.

நான் உட்கார்ந்திருந்தேன். காம்பு வந்தது, திரையின் அடிவரைக்கும், நேராக, நீளமாக.

அடுத்த வியாழனுக்குள் கம்பெனி படத்தை மாற்றிவிட்டது. புதியதில் பூக்கள் மட்டும் நெருக்கமாக. காம்பே இல்லை.

ஆபீசில் இப்போது எல்லாம் வேகமாக வருகிறது. எப்போதாவது ஒரு படம் பாதியில் நின்றால், பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறேன்.