சித்தன்னவாசலில் ஆட்டிய தலை

போன ஞாயிற்றுக்கிழமை சித்தன்னவாசலில் ஒரு ஜப்பானிய அம்மாவிடம் ஜப்பானிய மொழியிலேயே பேசினேன். நானேதான்! திருச்சியைத் தாண்டினால் இங்கிலீஷுக்கே தடுமாறுகிற அதே ஆள்.

பெருமையடித்துக்கொள்ள இதை எழுதவில்லை. அன்றிலிருந்து மனசு சரியில்லை. உங்களிடம் சொன்னாலாவது கொஞ்சம் ஆறுமா என்று பார்க்கிறேன்.

மகனுக்கு நகோயாவில் வேலை. சித்திரை வந்தால் நானும் மனைவியும் அங்கே போய்க் கொஞ்ச நாள் இருப்பதாக ஏற்பாடு. கடையில் ஒரு பால் பாக்கெட் வாங்கவாவது பேசத் தெரிய வேண்டாமா? ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். டீச்சர் திருச்சிக்காரர், சின்ன வயசு. மனைவியையும் கூப்பிட்டேன். "நான் கையக் காட்டியே பால் வாங்கிருவேன், நீங்க படிங்க" என்று சொல்லிவிட்டாள்.

டீச்சர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். எதிரில் இருப்பவர் பேசும்போது கம்மென்று நிற்கக் கூடாது. நடுநடுவே தலையாட்டி 'ஹை, ஹை' என்று சொல்ல வேண்டும் — 'ஹை' என்றால் 'ஆமாம்'; இப்படி நடுவில் சொன்னால், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அட, கதை கேட்கும்போது நாம் 'உம்' கொட்டுவோமே... அதேதான்! பால் வாங்கக் கற்றுக்கொண்டேனோ இல்லையோ, இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். குகைக்குள் ஓவியங்களைப் பார்த்துவிட்டு நாங்கள் வெளியே வந்தபோது, வாசலுக்குப் பக்கத்தில் அந்த அம்மா தனியாக நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும். கையில் ஒரு பிரிண்ட் — உள்ளே விதானத்தில் இருக்கிற தாமரைக்குளத்தின் படம். மடித்து மடித்து நைந்து போயிருந்தது. ஓரத்தில் ஜப்பானிய எழுத்து. விடுவேனா?

'கொன்னிச்சிவா' என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பெயர் சொன்னேன். மகனைச் சொன்னேன். புதுக்கோட்டையில் வெயில் அதிகம் என்றேன். எல்லாவற்றுக்கும் 'ஹை, ஹை' என்றார். உங்கள் ஜப்பானிய மொழி பிரமாதம் என்று வேறு சொல்லிவிட்டார். கேட்க வேண்டுமா? எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நடுவில் அவர் கேட் பக்கம் பார்த்து என்னிடம் ஏதோ கேட்டார். "...மனி ஐமாஸ் கா?" என்று முடிந்தது. எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை.

நான் என்ன செய்தேன்? பலமாகத் தலையை ஆட்டி, 'ஹை! ஹை!' என்றேன்.

அவர் நிம்மதியாகச் சிரித்தார். நான் மழையைப் பற்றி ஆரம்பித்தேன்.

மனைவி என் சட்டையை இழுத்தாள். "என்னங்க, அவங்களை விடுங்க, உள்ள போகட்டும்."

"இரு, பேசிக்கிட்டு இருக்கோம்ல."

பேசிக்கொண்டே இருந்தோம். காவலாளி வந்து கேட்டைப் பூட்டினார். அவரிடம் ஓடினேன். "ஒரு அஞ்சு நிமிசம்ங்க... ஜப்பான்ல இருந்து வந்திருக்காங்க."

"நேரம் முடிஞ்சிருச்சு சார். இம்புட்டு நேரம் இங்கிட்டுதான நின்னாங்க? வந்திருந்தா நான் வேணாம்னா சொல்லப்போறேன்?"

காவலாளி கேட்டதில் என்ன தப்பு? அந்த அம்மா கம்பிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார். ஒன்றும் தெரியாத இருட்டு. பிறகு என்னிடம் திரும்பி, பரவாயில்லை என்றார். குனிந்து நன்றியும் சொன்னார். எனக்கு!

கீழே அவருடைய கார் டிரைவர் காத்திருந்தார். "அம்மா பாத்துட்டாங்களா சார்? நாளைக்குக் காலையில திருச்சியில ஃபிளைட்டு. இதைப் பாக்கணும்னே மதுரையில இருந்து வந்தாங்க."

மனைவிதான் "இல்லப்பா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில், காதில் நின்ற அந்தத் துண்டு வாக்கியத்தை டீச்சரிடம் சொல்லிக் கேட்டேன்.

"'இன்னும் நேரம் இருக்கா, போனா பாத்துரலாமா'ன்னு கேட்டிருக்காங்க சார். நீங்க என்ன சொன்னீங்க?"

"ஹை-ன்னு சொன்னேன்."

டீச்சர் ஒரு 'உம்'கூடக் கொட்டவில்லை.

யோசித்துப் பார்க்கிறேன்... இது நம்ம ஊர்ப் பழக்கம். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் யாரிடமாவது வழி கேளுங்கள். "தெரியாதுங்க" என்று ஒருத்தர் சொல்லிவிடுவாரா? "இப்படியே அங்கிட்டு போங்க" என்று கையை நீட்டிவிடுவோம். தெரியாது என்று சொன்னால் கேட்டவர் மனசு நோகுமாம். நம் கௌரவம் நோகும் என்பதுதான் நிஜம். வழி தப்பிப் போனவராவது இன்னொருவரைக் கேட்டுத் திரும்பி வரலாம். அந்த அம்மா இனி எங்கே வரப்போகிறார்? அந்தத் தாமரைக்குளத்தை அவர் கடைசிவரை பிரிண்டில்தான் பார்க்க வேண்டும்.

'வக்கரிமாசென்' என்று ஒரு வார்த்தை உண்டு. 'எனக்குப் புரியவில்லை' என்று அர்த்தம். டீச்சர் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தது.

அது எனக்கு நன்றாகத் தெரியும்.