ராய்டாவின் காற்று மாதங்கள்

தாங்கனிக்கா ஏரியின் தென்கரையில், ம்புலுங்குவில், ராய்டா நகாஸ்வே என்று ஒருத்தி இருந்தாள். மீன் காயவைப்பவள். நெத்திலி போன்ற கப்பெண்டாவை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் மணலில் உதறுவதில் அவள் கைக்கு வேகம் அதிகம். வாய்க்கு அதைவிட அதிகம். விலையைக் குறைக்க வரும் லாரிக்காரர்கள் அவளிடம் மட்டும் இரண்டாம் முறை வாய் திறக்கமாட்டார்கள். கணவன் கில்பர்ட் சிம்பாசா நேர்மாறு. எது கேட்டாலும் சிரிப்பான், அவ்வளவுதான்.

தென்கிழக்குக் காற்று உக்கிரமாக அடித்த ஒரு நாள், ஆழத்தில் போட்டிருந்த வலையை எடுக்க அவன் தனியாகக் கிளம்பினான்.

"வேணாம்யா. மரமெல்லாம் சாயுது பாரு," என்றாள் ராய்டா.

"விட்டா வலை போயிடும். போய் எடுத்துட்டு வந்துடறேன். நீ களியைக் கிண்டி வை."

களி ஆறிப்போனது. மறுவாரம் படகு மட்டும் கிடைத்தது, வெகுதூரம் வடக்கே, கொங்கோ கரையில் கவிழ்ந்தபடி.

கில்பர்ட்டின் அண்ணன் லாமெக் துக்கம் காக்க மறுத்துவிட்டார். "உடம்பைப் பார்க்காம அழறதா? என் தம்பி நீச்சல் தெரியாதவனா?" என்று கத்தினார். அவர் சொல்லாமல் யாரும் ஒப்பாரி வைக்க முடியாது. அதனால் ராய்டா விதவையும் ஆகவில்லை, சுமங்கலியாகவும் இல்லை. கரையில் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள்.

"அக்கரையில, மோபா ஊர்ல, எவளோ ஒருத்தி வீட்டுல காலை நீட்டிப் படுத்திருப்பான்."

"இவ வாய்க்குப் பயந்து ஓடியிருப்பான்டி!"

முன்பிருந்த ராய்டாவாக இருந்தால் குடுமியைப் பிடித்திருப்பாள். இப்போது பேசாமல் மீனைப் புரட்டினாள். அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். எவள் வீட்டிலாவது உட்கார்ந்து அவன் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கட்டும்.

இப்படி வருடத்துக்கு ஒன்றாக இரண்டு காற்றுக் காலம் போயிற்று. மூன்றாவதில், ஒரு காலை, கூடை கழுவ ஏரியில் இறங்கியவளுக்குக் கால் விறைத்தது. தண்ணீர் அப்படிக் குளிர்ந்து, பச்சை ஓடிக் கிடந்தது. பக்கத்தில் மீன்வளத் துறைப் பெண் எஸ்னாத், படகில் உட்கார்ந்து ஈரக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஏரியில் எந்த ஆழத்தில் எவ்வளவு சூடு என்று அளப்பது அவள் வேலை.

"ஏம்மா எஸ்னாத், இந்தக் குளிர் எங்கேருந்து வருது?"

மகள் சொம்பாவின் பெயரை வைத்துத்தான் ஊரில் ராய்டாவைக் கூப்பிடுவார்கள். "கீழேருந்து, சொம்பாம்மா," என்றாள் எஸ்னாத். "காத்து மேல இருக்கற சூட்டுத் தண்ணியை வடக்கே தள்ளிடுது. அந்த இடத்துக்கு அடியில கிடக்கற குளிர்ந்த தண்ணி இங்க ஏறி வருது. அதுல இருக்கற சத்துக்குப் பாசி பிடிக்கும், பின்னாடியே மீன் வரும். காத்து நின்னாலும் உடனே அடங்காது. மேல பார்த்தா ஏரி தூங்கற மாதிரி இருக்கும். உள்ளுக்குள்ள குளிர்ந்த தண்ணி வடக்கயும் தெற்கயுமா வாரக்கணக்கா ஆடும்."

ராய்டா கூடையைக் கீழே வைத்தாள்.

"படகு வடக்கே போச்சு. அது மேல் தண்ணி. கீழ்த் தண்ணி நம்ம பக்கம் வருதுங்கறே."

"ஆமா..."

"அப்போ அவரு வருவாரா?"

எஸ்னாத்தின் கை கம்பியில் நின்றுவிட்டது. வருவார் என்று சொல்லிவிட ஒரு கணம் ஆசைதான். சொல்லவில்லை. படகிலிருந்து இறங்கி, முழங்கால் தண்ணீரில் ராய்டாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இல்ல, சொம்பாம்மா. இந்தத் தண்ணி பாதி ஆழத்துலேருந்துகூட வரலை. அதுக்கும் கீழே ரொம்பப் போகுது ஏரி. அங்க காத்தோட கை எட்டாது. அங்க போய்ச் சேர்ந்தவங்களை ஆழம் அமுக்கியே வெச்சுக்கும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

ராய்டா அன்று மீன் காயவைக்கவில்லை. நேராக லாமெக் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அவரு வரமாட்டாரு. அழ விடுங்க என்னை."

லாமெக் நிமிரவில்லை. "நான் அழுதுட்டா அவன் செத்துடுவான்மா," என்றார். அந்தப் பெரிய மனிதர் வலையை முகத்தில் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

துக்கம் வைத்தார்கள். உடம்புக்குப் பதில் கில்பர்ட்டின் சட்டையைப் பாயில் சுற்றினார்கள். கேலி பேசிய பெண்களே முதலில் வந்து மார்பில் அடித்துக்கொண்டார்கள். ராய்டாவுக்கு மட்டும் கண் வறண்டு கிடந்தது.

இரண்டாம் நாள் காலை கரையிலிருந்து கூச்சல் கேட்டது. படகுகள் விளிம்புவரை கப்பெண்டாவோடு வந்திருந்தன. அந்த வருடம் அதுவரை காணாத மீன். வெயில் ஏறினால் நாறிவிடும். பாயைச் சுற்றி இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"போங்கடி," என்றாள் ராய்டா. "பிள்ளைகளுக்குச் சோறு வேணாமா? போங்க."

ஒவ்வொருத்தியாக எழுந்து, அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் சொம்பாவும் கூடையை எடுத்துக்கொண்டு நின்றாள். அவளையும் அனுப்பினாள்.

வீட்டில் ஒருவரும் இல்லை. ராய்டா பாயின் ஓரத்தைப் பிரித்து, சட்டையின் கழுத்துப் பட்டையைத் தடவிப் பார்த்தாள். பிறகுதான் அழுகை வந்தது. கரையில் விலை பேசும் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.