தேவகியின் வலது கை

அன்று காலை திண்டிவனம் ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் என் கைப்பையை வைத்திருந்தேன். கிளியனூர் பஸ்ஸில் வந்து கடைசி ஆளாகப் படியேறும் தேவகிக்கான இடம் அது. அப்போதுதான் அவள் தம்பி பாபு போன் செய்தான்.

"அக்கா போய்ட்டாங்கக்கா."

"எந்த அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு இருக்கறது ஒரே அக்காதானக்கா," என்றான்.

ரயில் நகர்ந்தது. ஒருவர் வந்து அந்த இடம் காலியா என்று கேட்டார். "ஆள் வர்றாங்க," என்று சொன்னேன். விழுப்புரம் வரை அந்தப் பையை எடுக்கவில்லை. முந்தின நாள் மாலைதான் திரும்பி வரும் ரயிலில், ஜன்னல் ஓரம் யாருக்கு என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டு வந்தோம். அவள்தான் ஜெயித்தாள். அப்படிப்பட்டவள் மறுநாள் காலை இல்லை என்றால் எந்தப் புத்தி அதை ஏற்றுக்கொள்ளும்? விழுப்புரத்தில் இறங்கி, அலுவலகத்துக்குப் போகாமல், திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

இதைப் படிக்கும், காலை ரயிலில் போய்வருகிறவர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிறக்கும்போதே மூளையில் அடிபட்டதால் வந்த பெருமூளை வாதம் அவளுக்கு. இடது கை மணிக்கட்டோடு மடங்கியிருக்கும், இடது கால் இழுக்கும், பேச்சு குழறும். மற்ற எல்லாவற்றையும் வலது கை பார்த்துக்கொண்டது. கீபோர்டு, கையெழுத்து, சோறு, சண்டை எல்லாமே அந்த ஒரு கைதான்.

அலுவலகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி ஒருவர், அவளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே என்னிடம், "இவங்க டீ குடிப்பாங்களா?" என்று கேட்டார். தேவகி அவரைப் பார்க்கவே இல்லை. "குடிப்பாங்க மல்லிகா. சாருக்குச் சர்க்கரை போடலாமான்னு கேட்டுச் சொல்லு," என்றாள். குழறலாக வந்தாலும் அவருக்கு ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. அதற்குப் பிறகு அவர் எதையும் அவளிடமே கேட்டார்.

நாற்பதைத் தாண்டியதும் அவளுக்குள் ஏதோ மாறத் தொடங்கியது. முதலில் கண்டுபிடித்தவள் அவளேதான். பேச்சின் நடுவில் ஒரு வார்த்தை காணாமல் போகும். கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிற பாஸ்வேர்டு மறந்துபோகும். மதியத்துக்குள் ஆள் துவண்டுவிடுவாள். மாடிப்படியில் இருமுறை விழுந்தாள். "கொஞ்சங் கொஞ்சமா எறங்கிக்கினு வர்றேன், மல்லிகா," என்று ஒருநாள் சொன்னாள்.

டாக்டர்களிடம் போனோம். எங்கே போனாலும் அந்த மடங்கிய கையை ஒரு பார்வை பார்ப்பார்கள். "பிறவியிலயே இருக்கறதுதானேம்மா. இது கூடவும் கூடாது, குறையவும் குறையாது," என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதுவார்கள். நான் தலையாட்டிக்கொண்டு எழுந்துவிடுகிற ஜாதி. அவள் அப்படி இல்லை. ஒரு டாக்டரிடம் மேஜையைத் தட்டியே கேட்டுவிட்டாள்: "இத்தினி வருஷமா இந்த உடம்போட குடித்தனம் பண்ணிக்கினு இருக்கேன். எது பழசு, எது புதுசுன்னு எனக்குத் தெரியாதா டாக்டர்?" அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, என் கல்யாண வீடியோவைக் கேட்டாள். எதற்கு என்றேன். "உன் மூஞ்சப் பாக்க இல்ல. என்னப் பாக்கணும்," என்றாள். என் கணவர் அதைப் பழைய சிடியிலிருந்து போனுக்கு மாற்றிக் கொடுத்தார். அதில் இருபத்து சொச்சம் வயது தேவகி, எதையும் பிடிக்காமல் மண்டபத்து மேடைப்படி ஏறி வருகிறாள். வலது கையில் குத்துவிளக்குப் பெட்டி. கேமராக்காரர் எதற்கோ சிரிக்கச் சொல்ல, நின்று, அவரைத் திட்டிவிட்டுப் போகிறாள். திட்டு தெளிவாகக் கேட்கிறது.

அந்த வீடியோவை எடுத்துக்கொண்டு புதுச்சேரியில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தோம். அவர் அதை இரண்டு தரம் ஓடவிட்டார். பிறகு தேவகியை அறையின் குறுக்கே நடக்கச் சொன்னார். "நீங்க சொல்றது சரிதான். மாறியிருக்கு," என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். பிறக்கும்போது பட்ட அடி வளர்வதில்லை. ஆனால் அடிபட்ட மூளைக்கும் வயதாகும். மற்றவர்கள் யோசிக்காமல் செய்யும் நடைக்கும் பேச்சுக்கும் இவர்களுடைய மூளை சிறுவயதிலிருந்தே கூடுதலாக உழைக்கிறது. அதனால் சிலருக்குக் களைப்பும் மறதியும் தடுமாற்றமும் சீக்கிரமே வந்துவிடும். பக்கவாதமும் மற்றவர்களைவிட முன்னதாக வர வாய்ப்பு உண்டு. "பிரஷரை விடாம பாருங்க. திடீர்னு எது மாறினாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்," என்றார்.

வெளியே வந்ததும் தேவகி என்னைப் பிரியாணிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நீ இறங்கிக்கொண்டுதான் வருகிறாய் என்று ஒருவர் சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷியை நான் பார்த்ததில்லை. "பைத்தியம் இல்லன்னு ஆயிடுச்சில்ல, அது போதும்," என்றாள். வீட்டில் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம் என்றாள். "பாபு அழுதுடுவான். எதுனா ஒண்ணுன்னா நானே சொல்லிக்குவேன்."

அன்று நான் போனபோது, கிளியனூரில் அவளை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நான் பாபுவைப் பார்த்து என்னவோ கத்தத்தான் போனேன். அவன் என் காலடியிலேயே உட்கார்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தான்.

முந்தின நாள் மாலை வேலையிலிருந்து வந்தவள், காபி டம்ளரைக் கீழே போட்டிருக்கிறாள். பேச வாயெடுத்தால் வெறும் சத்தம்தான் வந்தது. பாபு ஆட்டோ பிடித்து ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே இருந்த டாக்டர், "பேச்சு, கை எல்லாம் எப்பலேர்ந்து இப்படி?" என்று கேட்டார். பாபு உள்ளதைச் சொன்னான்: "பொறந்ததுலேர்ந்தே இப்படித்தாங்க."

சோர்வு என்று டிரிப்ஸ் ஏற்றினார்கள். தேவகி தூங்கவில்லை. மடங்கிய இடது கையால் வலது கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். அது ஒவ்வொரு முறையும் தொப்பென்று கட்டிலில் விழுந்தது. ஊசி வலிக்கிறது போல என்று நர்ஸம்மா ஊசியை மாற்றிக் குத்தினார். விடியும்போது அவள் இல்லை.

"எல்லாரும் வளைஞ்ச கையத்தான் பாத்தாங்கக்கா," என்றான் பாபு. "நானும் அதத்தான் பாத்துக்கினு இருந்தேன். நல்ல கை விழுந்துடுச்சுன்னு எனக்குத் தோணவே இல்லக்கா."

கத்த வந்த நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எதுனா ஒண்ணுன்னா நானே சொல்லிக்குவேன் என்றவள், சொல்லித்தான் இருக்கிறாள். பேச்சு போன பிறகும், தெரிந்த ஒரே வழியில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். பார்க்கத்தான் ஆள் இல்லை. இன்றுவரை சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்தக் கட்டில் என் கண்முன் வந்து நிற்கிறது.

காரியத்தன்று கண்டாச்சிபுரத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். அவர் மகன் செல்வத்துக்கும் இதே வாதம், வயது நாற்பது. கொஞ்ச நாளாக மகனுக்கு நடை தடுமாறுகிறதாம். விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று தேவகி சொல்லியிருந்தாளாம். "இனிமே யாரும்மா எங்களுக்கு?" என்று அழுதார். நான் வருகிறேன் என்றேன்.

தேவகியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவளுடைய கோபத்தை. புடவையோ போட்டோவோ எனக்கு வேண்டாம். போன வாரம் விழுப்புரத்தில் அந்த டாக்டர், செல்வத்தின் காலைப் பார்த்துவிட்டு, "பிறவியிலயேவா?" என்றபடி பேனாவைத் திறந்தார். அந்த அம்மா ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

"அது இருக்கட்டுங்க டாக்டர்," என்றேன். "புதுசா என்னான்னு அவரையே கேளுங்க. அவரு சொல்லி முடிக்கற வரைக்கும் நாங்க எழுந்திருக்க மாட்டோம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியைச் செல்வத்தின் பக்கம் திருப்பினார்.