தொண்ணூற்றேழரை

எனக்கு முன்கோபம் அதிகம். தப்பு என்மேல்தான் என்று தெரிந்துவிட்டால் அது இரண்டு மடங்காகும். வேலுத்தாய் விஷயத்தில் அப்படித்தான் ஆயிற்று.

போடியில் நான் இயற்பியல் நடத்தும் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் முத்துப்பிரியாவின் அம்மா அவள். நாற்பது வயது. காலை ஆறு மணிக்கு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்குகிறவள். அவளும் இதே பள்ளிதான். சயின்ஸ் குரூப்பில் மூன்று மாதம் படித்தாள். அந்தக் காலத்தில் காலாண்டுப் பரீட்சை முடிந்துதான் பிராக்டிக்கல் தொடங்குவார்களாம். பரீட்சைக்கு முந்தின வாரம் அப்பா தவறிப்போக, படிப்பு நின்றது. லேப்பை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

இதையெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் அவளே சொன்னாள். மகளின் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “உள்ள என்னதான் டீச்சர் செய்வாக?” என்றாள். அவளுக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். சிரித்து மழுப்பி அனுப்பிவிட்டேன்.

இந்த வருட அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளிடம், பாடப் புத்தகத்தை மூடுங்கள், நீங்களே ஒரு கேள்வி பிடியுங்கள், நீங்களே அளந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். முத்துப்பிரியா கொண்டுவந்தது அவள் அம்மாவின் கேள்வி. மேலே தோட்டத்தில் மட்டும் சோறு வேக ஏன் இவ்வளவு நேரமாகிறது? உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதனால்தான். அதை அளந்து காட்ட வேண்டும். போடி அளவைப் பள்ளியிலேயே எடுத்தோம். மலைக்குப் பிள்ளைகளை அனுப்பத் தலைமையாசிரியர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

“நாந்தான் தெனமும் போறேனே டீச்சர், எங்கிட்டக் குடுங்க,” என்று வந்து நின்றாள் வேலுத்தாய்.

தெர்மாமீட்டரைப் பழைய சேலைத் துணியில் சுற்றி, தூக்குச்சட்டிக்குள் வைத்து, பதினேழு கொண்டை ஊசி வளைவும் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுபோனாளாம். தோட்டத்தில் கட்டன் சாயா போடும் கருப்பம்மாள், “என்னடி, தண்ணிக்குக் காய்ச்சலா?” என்று கேலி செய்தாளாம். மூன்று நாள் சாயா நேரத்தில் சாயா குடிக்காமல் அடுப்படியில் குத்தவைத்து அளந்தாள். மூன்று நாளும் தொண்ணூற்றேழரை.

என் கணக்குப்படி தொண்ணூற்றைந்தரை வர வேண்டும். “உங்கம்மா தப்பாப் பாத்திருக்காங்க, மாத்தி எழுது,” என்றேன் முத்துப்பிரியாவிடம். அவள் அழித்து எழுதினாள்.

மறுநாள் தெர்மாமீட்டர் திரும்பி வந்தது. அதே சேலைத் துணியில், துடைத்துச் சுத்தமாக. “படிச்சிருந்தா ஒழுங்காப் பாத்திருப்பேன்னு சொல்லச் சொன்னாங்க மிஸ்,” என்றாள் மகள். துணியோடு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அந்த வாரம் எனக்கு ஆயிரம் சோலி.

கண்காட்சிக்கு முந்தின நாள் ஒத்திகைக்காகத் தண்ணீர் கொதிக்க வைத்தோம். அதே தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியது. “இதென்ன கூத்து!” என்றேன்.

“இங்க அளந்த அன்னைக்கும் நூத்தொண்ணுதான் மிஸ் காட்டுச்சு. தண்ணி நூறுலதான் கொதிக்கும்னு நீங்கதான் நூறுன்னு எழுதச் சொன்னீங்க,” என்றாள் முத்துப்பிரியா.

நூறு என்பது கடற்கரைக்கு. போடிக்குத் தொண்ணூற்றொன்பதுதான் வர வேண்டும். கருவி இரண்டு டிகிரி கூட்டிக் காட்டியிருக்கிறது. வேலுத்தாயின் தொண்ணூற்றேழரையில் இரண்டைக் கழித்தால் என் தொண்ணூற்றைந்தரை அச்சு அசலாக நிற்கிறது. பிள்ளைகளும் நானும் புத்தகத்துக்குப் பயந்து அளவைத் திருத்தினோம். கண்ணில் கண்டதைக் கண்டபடி சொன்னவள் அவள் ஒருத்திதான். வெட்கமாக இருந்தது. கோபத்தில் சாக்பீஸை வீசியெறிந்தேன், சுவர் என்ன செய்யும் பாவம்.

அன்று மாலை முத்துப்பிரியாவையும் கூட்டிக்கொண்டு ஜீப் வந்து நிற்கும் இடத்துக்கே போனேன். “வேலுத்தாயிக்கா, நீங்க பாத்ததுதான் சரி. நான்தான் தப்பு,” என்றேன்.

அவள் என்னை நம்பாமல் மகளைப் பார்த்தாள். “நெசமாவா?” என்றாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அவளை லேப்புக்கு வரச் சொன்னேன். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, நல்ல சேலை உடுத்தி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றப் போனவளைத் தடுத்து உள்ளே அழைத்தேன். “அன்னைக்கு நான் இருந்திருந்தா மொதல்ல எதச் செஞ்சிருப்பேன்?” என்றாள்.

வெர்னியர் காலிபரை எடுத்துக் கொடுத்து, சின்னப் பொருளின் பருமனை அளப்பது எப்படி என்று காட்டினேன். அளக்க என்ன தரலாம் என்று நான் தேடுவதற்குள் இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு ஏலக்காயை எடுத்தாள். தோட்டத்தில் காயை மில்லிமீட்டர் கணக்கில் பருமன் பார்த்துத்தான் தரம் பிரிப்பார்கள். “எட்டு மில்லி,” என்றாள் அளப்பதற்கு முன்பே. காலிபரின் தாடைகளுக்கு நடுவே வைத்து மெல்ல நெருக்கினாள். கோடு கோடாகப் பார்த்தாள். எட்டு புள்ளி ஒன்று.

“இம்புட்டுத்தானா டீச்சர்?” என்றாள். சிரிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். பொலபொலவென்று அழுதுவிட்டாள். முத்துப்பிரியா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த பிராக்டிக்கல் என்னைக்கு?” என்று கேட்டாள்.

“புதன்கிழமை,” என்றேன், யோசிக்காமல்.

“புதங்கெழம நான் மலையில இருப்பேனே,” என்றாள். காலிபரை மட்டும் கீழே வைக்கவில்லை.