வெள்ளையாகத் திரிந்த சாறு

முயலுக்கு ஊசி போடுகிறவர் என்றுதான் எம்.ரெட்டியபட்டியில் சங்கரலிங்கத்தைச் சொல்வார்கள். மதுரையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் செய்த வேலையும் அதுதான். எலுமிச்சையைச் சாகடிக்கும் வைரஸை நோய் கண்ட இலைகளிலிருந்து பிரித்து முயலுக்கு ஏற்றுவார். அதை எதிர்க்க முயலின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஊறும். அந்த ரத்தத்திலிருந்து தெளிந்து வரும் சீரத்தில் ஒரு சொட்டை மரத்தின் இலைச்சாற்றில் விட்டால், நோயிருக்கும் சாறு வெள்ளையாகத் திரிய வேண்டும். மரம் வாடுமுன்பே நோயைக் கண்டுவிடலாம் என்று நம்பியிருந்தார்.

எழுபத்து நாலில் மழை பொய்த்தது. ஊரில் கிணற்றுத் தோட்டத்து எலுமிச்சைகள் நுனியிலிருந்து காய்ந்தன. தண்ணீர் இல்லாமலா, நோயாலா என்று யாருக்கும் தெரியவில்லை. அவருடைய அக்கா சௌந்தரம் பஸ் ஏறி மதுரைக்கே வந்துவிட்டார்.

"நம்ம தோட்டத்துல பாதி மரம் இன்னும் பச்சையாத்தான் நிக்கிது. எதுல நோவு இருக்குன்னு சொன்னீன்னா அத மட்டும் வெட்டிட்டு மத்தத காப்பாத்திக்கிருவோம்."

"சீரத்த இன்னும் சரிபாக்கலக்கா. வலைக்கூண்டுக்குள்ள நோயில்லாத கன்னு வளக்கிறேன். அது எல விட்டு, அந்தச் சாறு திரியாம இருந்தாத்தான் சீரத்த நம்பலாம்."

"அதுவரைக்கும் மரம் நிக்குமா லிங்கம்?"

அந்த வாரமே சங்கரலிங்கம் சாறு சோதிக்கும் கண்ணாடிச் சில்லுகளோடும் சீரத்தை ஐஸில் வைத்த பிளாஸ்கோடும் தோட்டத்துக்குப் போனார். முதல் மரத்தின் சாறு திரிந்தது. அடுத்ததும் திரிந்தது. பிஞ்சு பிடித்து நின்ற மரத்தின் சாறும் திரிந்தது.

"எல்லாத்துலயுமா?" என்று அக்காள் புருஷன் ஐயாத்துரை கேட்டார்.

"ஆமா அத்தான்."

"அப்ப வெட்டீர வேண்டியதுதான். நம்மளால அடுத்தவுக தோட்டத்துக்குப் பரவ வேண்டாம்."

மரங்கள் விழுந்து முடியும்வரை சௌந்தரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

மழைக்குப் பிறகு கூண்டுக் கன்றுகள் தழைத்தன. சங்கரலிங்கம் அவற்றின் சாற்றில் சீரத்தை விட்டார். வெள்ளையாகத் திரிந்தது. வேறு சில்லில், வேறு கன்றில் பார்த்தார், அதுவும் திரிந்தது. வைரஸோடு இலையின் புரதமும் முயலுக்குள் போயிருந்தது. நோயை விட்டுவிட்டு எலுமிச்சையையே எதிரியாகக் காட்டியிருந்தது சீரம்.

மறுநாளே ஊருக்குப் போய் அக்காவிடம் சொன்னார். சௌந்தரம் பருத்திக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப நம்ம மரத்துல நோவு இல்லையா?"

"இருந்துச்சா இல்லையான்னு இனிமே சொல்ல முடியாதுக்கா. ஒரு பச்சை எல கெடச்சாக்கூட..."

"வேரையும் தோண்டி செங்கச் சூளைக்கு ஏத்திவிட்டாச்சே." சௌந்தரம் குனிந்து களை வெட்டுவதைத் தொடர்ந்தார். ஐயாத்துரை மைத்துனன் முகத்தில் விழிக்காமல் கிணற்றுப் பக்கமாகப் போய்விட்டார்.

நோயில்லாத இலைச்சாற்றைச் சீரத்தில் கலந்து, வேண்டாத எதிர்ப்பொருளைப் படியவைத்து நீக்கும் வழி நாலு வருஷம் கழித்துத்தான் கைக்கு வந்தது. இந்தச் சீரம் சரியாகவே சொன்னது. கூடத்தில் எல்லோரும் கைகொடுத்துப் பாராட்டினார்கள். அடுத்த மாதம் சங்கரலிங்கம் நெல் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார்.