ஃபியூஸில் சுற்றிய கம்பி

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை என்ற ஊரில் இருக்கும் என் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக நைனார்பாளையத்திலிருந்து புறப்பட்டோம். நான் வீடுகளுக்கு வயரிங் செய்பவன். ஆசைப்பட்டு வாங்கிய பழைய அம்பாசிடர் கார் ஒன்று என்னிடம் இருந்தது. சில நாட்களாக அதில் ஒரு கோளாறு. ஓடும்போது திடீரென்று ஃபியூஸ் போய்விடும். ஹாரன், வைப்பர், பிரேக் விளக்கு எல்லாம் ஒன்றாக நின்றுவிடும். நிறுத்திவைத்துப் பார்த்தால் குறையே தெரியாது.

அன்று காலையும் ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தேன். பிடிபடவில்லை. மழை வேறு தூறியது. மனைவியும் மாமியாரும் கிளம்பி உட்கார்ந்திருந்தார்கள். வைப்பர் ஓடினால் போதும் என்று, போன ஃபியூஸின் மேல் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டேன். ஃபியூஸ் உருகாவிட்டால் வயர்தான் எரியும், இப்படிச் செய்யாதீர்கள் என்று வேலைக்குப் போகும் வீடுகளிலெல்லாம் சொல்கிறவன் நான்.

மலைப்பாதையில் நாலைந்து வளைவு தாண்டியதும் கருகல் நாற்றம் வந்தது. பானட் இடுக்கில் புகை. நிறுத்தினேன். எதிரே இறங்கிவந்த ஜீப்பின் டிரைவர் ஓடிவந்து, முட்டிவலிக்கார மாமியாரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார். மலைக்காரர், என் வயதுதான் இருக்கும். நான் பானட்டைத் திறந்து பேட்டரி இணைப்பைக் கழற்ற அதன் நட்டோடு மல்லுக்கட்டினேன். துருவேறி அசையவில்லை. வயர்களில் பிடித்த தீ பெட்ரோல் குழாயை நெருங்கியது. அவர் யோசிக்கவே இல்லை. வெறுங்கையால் வயர்க் கொத்தைப் பற்றி, ஃபியூஸ் பெட்டியிலிருந்து பிடுங்கினார். தீ அடங்கியது. உருகிய பிளாஸ்டிக் அவர் உள்ளங்கையில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவருடைய ஜீப்பிலேயே எல்லோரையும் ஏற்றி, நான்தான் மருத்துவமனைக்கு ஓட்டினேன். வழியில் பல்லைக் கடித்தபடி கேட்டார்.

“ஃபியூஸு இன்னா ஆச்சுங்க? அது போயிருந்தா இவ்ளோ எரிஞ்சிருக்காதே.”

“பழைய வண்டிங்க,” என்றேன்.

பிறகு காரை இழுத்துவந்து பிரித்துப் பார்த்தேன். பிரேக் விளக்குக்குப் போகிற வயர், டிக்கியின் தகரத் துளையில் உரசி உரசித் தோல் உரிந்திருந்தது. பிரேக் மிதிக்கும் நேரத்தில் வண்டி குலுங்கினால் தகரத்தில் பட்டு ஷார்ட் ஆகிவிடும். ஒரு சாண் டேப் சுற்றியிருந்தால் போதும்.

ஒரு மாதம் தூக்கம் சரியில்லை. கடைசியில் அந்த ஜீப் டிரைவரின் வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் தினை காய்ந்துகொண்டிருந்தது. அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாததால் ஜீப்பை மச்சான் ஓட்டுவதாகச் சொன்னார். நான் கம்பி சுற்றியதைச் சொன்னேன். தலை நிமிராமல் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“எனக்கு அன்னிக்கே தெரியுங்க. அந்த வயர நான்தான புடுங்கனேன், கம்பி கண்ணுக்குத் தெரிஞ்சுது. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்.”

மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் அசைத்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. எதிரே இருந்த நிறுத்தத்தில் நான் பேருந்துக்காகக் காத்திருந்த நேரம் முழுவதும், அவர் இடது கையால் தினையைத் துழாவிவிட்டுக்கொண்டிருந்தது அங்கிருந்தே தெரிந்தது.

எங்களைக் காப்பாற்றிய மனிதரிடம், அவர் வலியில் துடித்துக்கொண்டு கேட்ட ஒரே கேள்விக்குப் பொய் சொன்னவன் நான் என்பதை, இந்த இரண்டு வருடங்களில் ஒரு நாள்கூட என்னால் மறக்க முடியவில்லை.