மதினி பழக்கிய நாய்

சீசன் நேரத்தில் ஈரத்துண்டை உதறும் சத்தம் கேட்காத தெரு குற்றாலத்தில் இருக்காது. அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் நடந்துகொண்டே ‘பட்’டென்று உதறித் தோளில் போட்டுக்கொள்வார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுங்குகிற ஒரு நாய் போயும் போயும் இந்த ஊரில் வந்து பிறந்திருந்தது. தென்காசியில் வேலை கிடைத்து நான் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தபோது, மாடிப்படிக்கு அடியில் அது ஒண்டியிருந்தது. செம்பட்டை நிறம், ஒட்டிய வயிறு. ஆள் நிழல் பட்டாலே மூத்திரம் போய்விடும். யாரோ ஈரத்துண்டால் விளாசியிருக்க வேண்டும்.

நாய் என்றால் எனக்கு உயிர். கொஞ்சலாம் என்று ஓடினேன். அது சுவரோடு ஒட்டிக்கொண்டது. அண்ணன் மனைவி, என் மதினிதான் தடுத்தாள். “மூஞ்சிய நேராப் பாக்காதட்டி. கைய மேல தூக்காத. சைடுல உக்காந்து ஒன் சோலியப் பாரு. அதுவா வரும்.”

அவளே செய்து காட்டினாள். படிக்குப் பக்கத்தில் அமர்ந்து முருங்கைக்கீரையைச் சுளவில் உருவிக்கொண்டே பிஸ்கட்டை உடைத்துத் தள்ளிப் போடுவாள். நாய்ப் பக்கம் திரும்பவே மாட்டாள். நாளாக ஆக பிஸ்கட் அவளுக்குக் கிட்டத்தில் விழுந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் லேசாக இருமிவிட்டுத்தான் போவாள். “நாம வருதோம்னு முன்னாலயே தெரிஞ்சா பயம் பாதி போயிரும். திடீர்னு வந்து நின்னாத்தான் உசிரு போகும்” என்பாள். சாரல் விழுந்த ஒரு சாயங்காலம் அது அவள் மடியில் மோவாயை வைத்துக்கொண்டது. நாயே வளர்க்காத வீட்டில் பிறந்தவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ரகம் நான்.

அன்றைக்கு அண்ணன் குளித்துவிட்டு வந்து, எல்லாரையும்போல வாசலில் நின்று துண்டை உதறினான். நாய் படிக்கு அடியில் பாய்ந்தது. மதினியோடு சேர்ந்து சிரிக்கலாம் என்று திரும்பினேன். சுளவு கவிழ்ந்து கீரை சிதறிக் கிடந்தது. மதினி சுவரோடு ஒடுங்கி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, “காப்பி கொண்டா” என்று உள்ளே போனான். என் கூடப்பிறந்தவன். என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தவன். அதிர்ந்து பேசமாட்டான் என்று ஊரே சொல்லும்.

“எத்தன நாளா மதினி?”

“நீ வந்த பெறகு இல்ல” என்றாள், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

எனக்கு அப்போது மதுரைக்கு மாற்றல் வந்திருந்தது. மறுநாளே மதினியையும் நாயையும் ஆட்டோவில் ஏற்றி, வாசுதேவநல்லூரில் அவள் அப்பா வீட்டில் விட்ட பிறகுதான் கிளம்பினேன்.

அங்கே நாய் தேறிவிட்டது. பால்காரர், தபால்காரர், யார் வந்தாலும் வாலாட்டும். போன சீசனில் நான் லீவில் அங்கே போயிருந்தபோது, மதினியைக் கூப்பிட அண்ணன் வந்தான். நாய் ஓடிப்போய் அவன் காலை மோந்தது, கையை நக்கியது. அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதன் தலையைத் தடவிக்கொண்டே, “பாத்தியாட்டி, நாயே எங்கிட்ட வந்துட்டு. ஒனக்கென்ன?” என்றான்.

மதினி அவனை நன்றாகப் பார்த்தாள்.

“அது நாயி” என்றாள்.